மூன்றாவது கம்பியில் ஒரு ஸ்வரம்: வழக்கமில்லாத கார்டுகளும் பாட்டின் உணர்வும்

கேள்வி சுருக்கமாக இது: “கிடாரில் பாட்டு எழுதுகிறேன். எதை எழுதினாலும் சி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற நான்கு கார்டுகளுக்குள்ளேயே சுற்றி வருகிறது. வரியில் இருக்கும் ஏக்கமும் கலக்கமும் இசையில் வர மறுக்கின்றன. ஸ்கேலுக்கு வெளியே உள்ள கார்டுகளைப் போட்டுப் பார்த்தால் தப்பாக வாசித்ததுபோல் கேட்கிறது. வழக்கமில்லாத கார்டுகளால் ஒரு பாட்டுக்கு மூட் கொடுப்பது எப்படி?”

பாட்டு எழுதத் தொடங்கிய பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் இடம் இது. நானும் பல வருடம் இங்கேயே நின்றிருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிடாரோ கீபோர்டோ இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வாசித்துப் பார்த்தால்தான் நான் சொல்வது காதில் விழும்.

உங்கள் நான்கு கார்டுகளில், அதாவது ஒன்றாக மீட்டும் ஸ்வரக் கூட்டங்களில், குறை ஒன்றும் இல்லை. சி-யை ஷட்ஜமாக, அதாவது பாட்டின் அடிப்படை ஸ்வரமாக, வைத்தால் சி, எஃப், ஜி மேஜர்களும் டி, இ, ஏ மைனர்களும் சங்கராபரண ராகத்தின் ஏழு ஸ்வரங்களுக்குள்ளேயே பிறந்தவை. பாட்டு தொடங்கிய சில விநாடிகளிலேயே கேட்பவரின் காது ஷட்ஜம் எது என்று பிடித்துக்கொள்கிறது. அடுத்து என்ன வரும் என்று ஓர் அனுமானமும் அதற்குள் ஓட ஆரம்பிக்கிறது. ஜி வந்தால் சி வரும், எஃப் வந்தால் ஜி-யோ சி-யோ வரும் என்று அது காத்திருக்கிறது. வழக்கமில்லாத கார்டு வேலை செய்வது அந்த அனுமானத்தின்மேல்தான். அனுமானமே உருவாகாத பாட்டில் எந்தக் கார்டைப் போட்டாலும் யாரும் திடுக்கிடப் போவதில்லை.

இசையியல் அறிஞர் லெனர்ட் மேயர் 1956-லேயே இதை ஒரு கோட்பாடாக எழுதி வைத்தார்: இசையில் உணர்ச்சி பிறப்பது எதிர்பார்ப்பு தடைபடும் இடத்தில். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டே பார்த்தது. அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் இடம்பெற்ற 745 பாடல்களின் சுமார் 80,000 கார்டுகளை எடுத்து, ஒவ்வொன்றும் அந்த இடத்தில் எவ்வளவு எதிர்பாராதது என்று கணினி மாதிரி ஒன்றால் அளந்தார்கள். பிறகு வரியையும் மெட்டையும் நீக்கி, கார்டுகளை மட்டும் ஆட்களைக் கேட்கவைத்து, எது இனிமையாக இருந்தது என்று பதிவு செய்தார்கள். அடுத்தது இதுதான் என்று காது உறுதியாக நம்பிய இடத்தில் வந்த வியப்பு பிடித்திருந்தது. என்ன வரும் என்றே தெரியாமல் தடுமாறிய இடத்தில், வியப்பில்லாத நேரான கார்டு பிடித்திருந்தது. உங்கள் வெளிக் கார்டு தப்பாகக் கேட்டதற்குப் பாதிக் காரணம் இங்கேயே இருக்கிறது. ஷட்ஜம் என்ற வீடு எழும்புவதற்கு முன்பே அதைவிட்டுக் கிளம்பியிருப்பீர்கள். மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது கிடாரை எடுங்கள். எஃப் மேஜரை முழு பாரே (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்துவது) போடாமல் மெல்லிய நான்கு கம்பிகளில் மட்டும் பிடியுங்கள். ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டில் ஒன்று, இரண்டு, மூன்றாவது கம்பிகளைச் சேர்த்து அழுத்தட்டும். நடுவிரல் மூன்றாவது கம்பியில் இரண்டாவது ஃப்ரெட். மோதிர விரல் நான்காவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட். நிதானமாக ஒருமுறை மீட்டுங்கள். இப்போது நடுவிரலை மட்டும் தூக்கிவிட்டு இன்னொருமுறை மீட்டுங்கள். இது எஃப் மைனர். அங்கிருந்து உங்களுக்குப் பழகிய சி மேஜருக்கு வந்து நில்லுங்கள்.

கேட்டீர்களா? அதே மூன்றையும் மறுபடி வாசியுங்கள். இந்த முறை மூன்றாவது கம்பியை மட்டும் கவனியுங்கள். எஃப் மேஜரில் அது இரண்டாவது ஃப்ரெட், எஃப் மைனரில் முதல் ஃப்ரெட், சி மேஜரில் திறந்த கம்பி. இரண்டு, ஒன்று, சுழியம். ஒரே ஸ்வரம் அரை அரைப் படியாக இறங்கி வீட்டுக்குள் வருகிறது. மற்ற கம்பிகளில் அதிகம் நடக்கவில்லை: சி ஸ்வரம் மூன்று கார்டிலும் அசையாமல் இருக்கிறது, எஃப் கடைசியில் அரைப் படி இறங்கி இ ஆகிறது. கேட்பவருக்கு ‘எஃப் மைனர்’ என்ற பெயர் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் பின்தொடர்ந்து போவது அந்த ஒற்றை ஸ்வரத்தை.

இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துப் போவதானால் இதை எடுத்துப் போங்கள்: ‘எந்தக் கார்டு போடலாம்’ என்று தேடாமல், ‘எந்த ஸ்வரத்தை நகர்த்தலாம்’ என்று தேடுங்கள். கார்டு தானாக வந்து அமையும்.

நம் ராகக் கணக்கில் இதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சங்கராபரணத்தில் இருப்பது சதுச்ருதி தைவதம், இங்கே ஏ ஸ்வரம். அதைச் சுத்த தைவதமாக இறக்கினால் கிடைப்பது 27-ஆவது மேளமான (தாய் ராகமான) சரசாங்கி. காந்தாரமும் நிஷாதமும் பழையபடியே இருப்பதால் பாட்டு மேஜராகவே தொடர்கிறது. தைவதம் மட்டும் முகம் மாறுகிறது. ஏ மைனரின் சோகம் வெளிப்படையானது, முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடும். எஃப் மைனரின் சோகம் அப்படியல்ல. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் முகம் ஒரு கணம் மாறி, அதை மறைத்துக்கொண்டு அவர் மறுபடி பேச்சைத் தொடர்வது மாதிரி. வரியில் சோகம் என்ற வார்த்தையே இல்லாத பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கார்டு எனக்குத் தெரியாது.

அந்த எஃப் மைனர் ஒலிக்கும்போது மெட்டு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துச் சாயல் மாறும். ஷட்ஜத்தில் நின்றால் அமைதியான துக்கம். பஞ்சமத்தில் நின்றால் அது கார்டின் ஒன்பதாம் ஸ்வரம், ஏக்கம் கூடும். அந்தர காந்தாரத்தில், அதாவது இ-யில், நின்றால் கார்டின் வேர் ஸ்வரமான எஃப்-புடன் அரைப் படியில் உரசும். வலி பச்சையாகத் தெரியும், எல்லா வரியும் அதைத் தாங்காது. சதுச்ருதி தைவதத்தில் நின்றால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள். கார்டில் சுத்த தைவதம், குரலில் சதுச்ருதி தைவதம், இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும். தப்பாகக் கேட்டதன் மீதிப் பாதிக் காரணம் பெரும்பாலும் இதுதான். கார்டை மாற்றிவிட்டு மெட்டைப் பழைய ஸ்வரத்திலேயே பாடியிருப்பீர்கள். மெட்டை அங்கே ஓர் அரைப் படி இறக்கிப் பாடுங்கள், அல்லது அந்த இடத்தில் ஷட்ஜத்துக்குப் போங்கள். தப்பு என்று தோன்றியது அப்போதே சரியாகிவிடும்.

அடுத்ததையும் அதே மூன்றாவது கம்பியிலேயே காட்டுகிறேன். சி மேஜர், இ மேஜர், எஃப் மேஜர், எஃப் மைனர், மறுபடி சி மேஜர். ஒவ்வொன்றையும் நான்கு அடி வாசியுங்கள். மூன்றாவது கம்பி திறந்து தொடங்கி முதல் ஃப்ரெட், இரண்டாவது ஃப்ரெட் என்று ஏறுகிறது. பிறகு முதல் ஃப்ரெட்டுக்கு இறங்கி, திறந்த கம்பியில் வந்து முடிகிறது. ஓர் அலை எழுந்து அடங்குவதை விரலிலேயே உணரலாம். ரேடியோஹெட் குழு 1992-இல் வெளியிட்ட ‘கிரீப்’ பாட்டு முழுக்க ஓடுவது இந்த அமைப்பேதான், ஜி சுருதியில்: ஜி, பி, சி, சி மைனர். பாட்டு முடியும்வரை வேறு கார்டே கிடையாது. இரண்டாவதாக வரும் மேஜரும் நான்காவதாக வரும் மைனரும் ஸ்கேலுக்கு வெளியே உள்ளவை. ஆனால் அந்த ஒரு ஸ்வரம் ஏறி இறங்கும் பாதை அவ்வளவு நேராக இருப்பதால் எங்கேயும் இடறுவதில்லை.

இதில் இ மேஜரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சி சுருதியில் இ மேஜர் வந்தால் காது ஏ மைனரை எதிர்பார்க்கும். அதைக் கொடுத்தால் உருக்கமான, கொஞ்சம் பழைய பாணி அழகு. கொடுக்காமல் எஃப் மேஜருக்குப் போனால், வேர், மூன்றாம், ஐந்தாம் ஸ்வரங்கள் மூன்றும் ஒன்றாக அரைப் படி ஏறும். அழப்போனவர் நிமிர்ந்து பார்த்ததுபோல் இருக்கும். ஒரே கார்டுதான். அடுத்து எங்கே போகிறது என்பதை வைத்து அதன் அர்த்தமே மாறிவிடுகிறது.

இப்போது இன்னொரு சோதனை, இதற்குக் கீபோர்ட் வசதி. பஞ்சமத்தை, அதாவது ஜி ஸ்வரத்தை, ‘ஆ’ என்று குரலில் பிடித்துக்கொள்ளுங்கள். அதை மாற்றாமல் கீழே கார்டுகளை மட்டும் மாற்றுங்கள். சி மேஜரில் அந்தக் குரல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். இ மைனரில் அதுவே கார்டின் மூன்றாம் ஸ்வரமாகிக் குழையும். எஃப் மேஜரில் கார்டுக்கு மேலே மிதக்கும். இ பிளாட் மேஜரில் திடீரென்று வேறொரு வெளிச்சம் விழும். ஏ பிளாட் மேஜரில் அது ஏழாம் ஸ்வரம், கனவில் கேட்கும் குரல். டி பிளாட் மேஜரில் கார்டின் வேரிலிருந்து சரியாக ஆறு அரைப் படி தள்ளி, ட்ரைடோன் இடைவெளியில் நிற்கும். கால் கூசும் உயரத்தில் நிற்பதுபோல ஒரு பதற்றம். நீங்கள் பாடியது ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே ஸ்வரம்.

இதைப் பாட்டில் பயன்படுத்த ஒரு நல்ல இடம் கடைசிப் பல்லவி. இரண்டு மூன்று முறை ஒரே கார்டுகளோடு கேட்ட வரி, கடைசி முறை அதே மெட்டில், வேறு கார்டுகளின்மேல் வரட்டும். வரி மாறவில்லை, பாடுபவர் மாறிவிட்டார் என்று கேட்பவருக்குத் தோன்றும். பல்லவி முழுவதையும் மாற்ற வேண்டாம், கடைசி வரி போதும்.

மேஜர் பாட்டுக்குள் கொண்டுவரக்கூடிய மற்ற கார்டுகளில் நான் அடிக்கடி எடுப்பவை சில. சி சுருதியில் பி பிளாட் மேஜர் வந்தால் நிஷாதம் அரைப் படி இறங்கிக் கைசிகியாகிறது, ஹரிகாம்போதியின் வாசனை வருகிறது. காகலி நிஷாதம் ஷட்ஜத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டே இருக்கும், கைசிகி நிஷாதத்துக்கு அந்த அவசரம் கிடையாது. அதனால் இந்தக் கார்டு பாட்டைத் தளர்த்தி விரிக்கும். பயணம், வெட்டவெளி, கவலையற்ற நடை, இவற்றுக்கெல்லாம் பொருந்தும். ஜி மேஜருக்குப் பதில் ஜி மைனர் போடுவதும் இதே குடும்பம்தான், ஆனால் அங்கே தளர்ச்சி அசதியாக மாறுகிறது. வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற உந்துதலே போய்விடும். ஏ பிளாட், பி பிளாட், சி என்று மூன்று மேஜர்களை வரிசையாக ஏற்றினால் நேர் எதிர் விளைவு. பேஸ், அதாவது கார்டின் அடி ஸ்வரம், முழுப் படி முழுப் படியாக ஏறி ஷட்ஜத்தில் வந்து இறங்கும்போது ஒரு வெற்றிப் பெருமிதம் வரும். முதல் இரண்டும் நடபைரவியிலிருந்து, அதாவது மைனரிலிருந்து கடன் வாங்கியவை. இருட்டிலிருந்து ஏறி வந்து வெளிச்சத்தில் நிற்பதால்தான் அந்த சி அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது.

டி மைனர் வர வேண்டிய இடத்தில் டி மேஜர் போட்டால் மத்யமம் அரைப் படி ஏறிப் பிரதி மத்யமமாகிறது. கல்யாணி தெரிந்த காதுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வியப்பு, ஒரு கதவு திறந்ததுபோன்ற விரிவு. வழக்கமாக இது ஜி-க்குப் போகும். அப்படிப் போகாமல் டி மேஜர், எஃப் மேஜர், சி மேஜர் என்று வாருங்கள். பிரதி மத்யமம், சுத்த மத்யமம், காந்தாரம் என்று ஒரு ஸ்வரம் மறுபடியும் அரை அரைப் படியாக இறங்குவதைக் கேட்பீர்கள். எஃப் மைனரில் தைவதம் செய்த வேலையை இங்கே மத்யமம் செய்கிறது. ஆனால் துக்கம் இல்லை, நினைவின் இதம் மட்டும்.

மைனர் பாட்டு எழுதுபவர்களுக்கு: ஏ மைனர் சுருதியில் டி மைனருக்குப் பதில் டி மேஜர் போடுங்கள். நடபைரவியிலிருந்து கரகரப்ரியாவுக்கு நகர்வீர்கள், சோகத்துக்குள் ஒரு திடம் வரும். மைனர் பாட்டை மேஜர் கார்டில் முடிக்கும் வழக்கம் ஐரோப்பிய இசையில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே பரவலாக உண்டு. அதற்கு ‘பிக்கார்டி மூன்றாம் ஸ்வரம்’ என்ற பெயரை 1768-இல் தன் இசை அகராதியில் பதிந்தவர் தத்துவவாதி ரூசோ. இன்றும் அது வேலை செய்கிறது. ஆனால் பாட்டின் கதை அதற்கு இடம் கொடுத்தால்தான் செய்யுங்கள். ஆறாத துக்கத்தைப் பாடிவிட்டுக் கடைசியில் மேஜரில் முடித்தால் சொன்னதை வாபஸ் வாங்கியதுபோல் ஆகிவிடும்.

மேஜரில் ஐந்தாம் ஸ்வரத்தை அரைப் படி ஏற்றிய ஆக்மென்டட், மைனரில் அதை அரைப் படி இறக்கிய டிமினிஷ்ட் இரண்டையும் பலர் விசேஷமான கார்டுகளாக நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அவை பாலங்கள். ஒரே அளவு இடைவெளிகளால் ஆனவை என்பதால் அவற்றுக்குச் சொந்த ஊர் கிடையாது. பன்னிரண்டு ஸ்வரங்களுக்கும் சேர்த்து உண்மையில் நான்கே ஆக்மென்டட்கள், மூன்றே டிமினிஷ்ட் ஏழுகள்தான் இருக்கின்றன. எந்தப் பக்கமும் திரும்பலாம். சி மேஜருக்கும் டி மைனருக்கும் நடுவே சி ஷார்ப் டிமினிஷ்ட் ஒரு அடி வந்தால் போதும், பேஸ் வழுக்கிக்கொண்டு போகும். சி, சி ஆக்மென்டட், சி ஆறு, சி ஏழு என்று போனால் ஜி ஸ்வரம் அரை அரைப் படியாக பி பிளாட் வரை ஏறும், ஆவல் கூடிக்கொண்டே போகும். அதிக நேரம் இவற்றில் நிற்காதீர்கள்.

டி பிளாட் மேஜர், அதாவது சுத்த ரிஷபத்தின்மேல் எழும் மேஜர், கனமான கார்டு. நெபாலிடன் என்று அழைப்பார்கள். தோடியின் ரிஷபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மைனர் பாட்டில், எஃப் ஸ்வரத்தை பேஸில் வைத்து, ஜி-க்குப் போகுமுன் ஒருமுறை. விதி வந்து வாசலில் நின்றதுபோல் இருக்கும். காதல் பாட்டுக்கு எனக்கு இது பொருந்தியதே இல்லை.

தூரத்துக் கார்டுகள் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘தூரம்’ என்ற சொல்லே இங்கே ஏமாற்றுகிறது. சி மேஜரிலிருந்து ஏ பிளாட் மேஜர் எவ்வளவு தூரம்? ஸ்கேல் கணக்கில் வெகுதூரம். விரல் கணக்கில் சி அப்படியே இருக்கிறது, ஜி அரைப் படி ஏறுகிறது, இ அரைப் படி இறங்குகிறது, அவ்வளவுதான். சி மேஜரிலிருந்து இ பிளாட் மேஜருக்குப் போனால் ஜி மிஞ்சும், இ மேஜருக்குப் போனால் இ மிஞ்சும். ஒரு ஸ்வரம் இரு கார்டுக்கும் பொதுவாக இருக்கும்போது காது அதைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போய்விடும். மாயம், விண்வெளி, கனவு என்று காட்சிக்குப் பின்னணி அமைப்பவர்கள் இந்த வகை நகர்வை விரும்புவது இதனால்தான். அந்தப் பொது ஸ்வரத்தையும் எடுத்துவிட்டால்? சி மேஜரிலிருந்து ஏ பிளாட் மைனருக்குப் போய்ப் பாருங்கள். சி இறங்கி பி ஆகிறது, இ இறங்கி இ பிளாட் ஆகிறது, ஜி ஏறி ஏ பிளாட் ஆகிறது. மூன்றுமே அரைப் படிதான் நகர்ந்தன, ஆனால் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. முதுகுத்தண்டு சில்லிடும். அமானுஷ்யத்துக்கு இதைவிட நேரான வழி இல்லை.

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘ட்ரிஸ்டன் உண்ட் இசோல்டே’ ஓபரா 1865-இல் ம்யூனிக்கில் முதன்முதலாக மேடையேறியது. அதன் இரண்டாவது அளவையிலேயே (தாளச் சுற்றிலேயே) ஒலிக்கும் ஒரு கார்டைப் பற்றி இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்: எஃப், பி, டி ஷார்ப், ஜி ஷார்ப். அந்த நான்கு ஸ்வரங்களைக் கீபோர்டில் தனியாக அழுத்துங்கள். பெரிதாக ஒன்றும் நடக்காது. ஜாஸ் வாசிப்பவர்கள் தினமும் பிடிக்கும் ஹாஃப் டிமினிஷ்ட் கார்டின் ஸ்வரங்களேதான் அவை. அதைப் புகழ் பெறவைத்தது இடம். மேல் ஸ்வரம் மெதுவாக ஏறி இன்னொரு கார்டுக்குப் போகிறது, அந்தக் கார்டும் தீராமல் நிற்கிறது. அப்படித் தொடங்கிய தாகம் கடைசிக் காட்சியில்தான் அடங்குகிறது. கார்டுகளின் பெயர்ப் பட்டியலைச் சேகரிப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த உதாரணத்தைத்தான்.

சில சமயம் புதுக் கார்டே தேவைப்படாது. இருக்கும் கார்டிலிருந்து மூன்றாம் ஸ்வரத்தை எடுத்துவிட்டால் அது மேஜரா மைனரா என்று தெரியாமல் போகும். முடிவெடுக்காத மனதுக்கு அது சரியான ஒலி. அந்த இடத்தில் நான்காம் ஸ்வரத்தை வைத்தால் சஸ் ஃபோர், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். பேஸை மட்டும் மாற்றுவதும் பெரிய ஆயுதம். சி மேஜரை இ பேஸில் வாசித்தால் அதே கார்டு உட்காராமல் எழுந்து நிற்கும். பேஸில் சி-யை மட்டும் விடாமல் பிடித்து மேலே சி, டி, எஃப், எஃப் மைனர் என்று மாற்றிக்கொண்டே போனால், தம்புரா மாதிரி ஷட்ஜம் கீழே ஓடுவதால் எவ்வளவு தூரம் போனாலும் வழி தவறாது. வெளிக் கார்டு உறுத்தும்போதெல்லாம் நான் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான்.

எங்கே போடுவது, எத்தனை முறை என்பதற்கு ஒரு பாட்டைச் சொல்கிறேன். நண்பர் ஒருவர் பிரிவைப் பற்றி எழுதியது. பல்லவியின் கடைசி வரி ‘நீ வருவாய் என்று கதவு திறந்தே இருக்கிறது’. அவருக்கு எஃப் மைனர் புதிதாகப் பிடிபட்டிருந்த சமயம், பல்லவியின் நான்கு வரியிலும் போட்டிருந்தார். முதல் வரியில் மனசு நெகிழ்ந்தது. மூன்றாவது வரிக்குள் அது அந்தப் பாட்டின் சாதாரணக் கார்டாகிவிட்டது, கடைசி வரி வரும்போது காதில் ஏறவே இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். முதல் பல்லவியில் எல்லா இடத்திலும் எஃப் மேஜர்தான். கடைசி வரியும் நேராக, நம்பிக்கையோடு போகிறது. இரண்டாம் சரணத்துக்குப் பிறகு வரும் பல்லவியில், அதே வரியில், ‘திறந்தே’ என்ற சொல்லுக்கு எஃப் மேஜர், ‘இருக்கிறது’ என்ற சொல்லுக்கு எஃப் மைனர். முழுப் பாட்டுக்கும் அது ஒன்றுதான். பாடியவர் அடுத்த டேக்கில் யாரும் சொல்லாமலேயே அந்தச் சொல்லை மெதுவாக விட்டார். வரி ‘வருவாய்’ என்றே சொல்கிறது. ‘வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும்’ என்பதைக் கார்டு சொல்லிவிடுகிறது.

வார்த்தை சொல்வதையே கார்டும் திருப்பிச் சொன்னால் அது அலங்காரம். வார்த்தை மறைப்பதைக் கார்டு சொன்னால் பாட்டுக்கு ஆழம் கூடும். ‘நான் நலம்’ என்ற வரிக்குக் கீழேதான் வழக்கமில்லாத கார்டுக்கு உண்மையான வேலை இருக்கிறது. ‘நான் அழுகிறேன்’ என்ற வரிக்குப் பழகிய சி மேஜரே போதும், சில சமயம் அதுதான் அதிகம் வலிக்கும்.

உங்கள் வெளிக் கார்டு இன்னும் தப்பாகக் கேட்டால் நான் பார்க்கும் வரிசை இது. முதலில் மெட்டு அந்தக் கார்டின் எந்த ஸ்வரத்தோடு மோதுகிறது என்று பார்ப்பேன். அதில் குறை இல்லையென்றால் முந்தைய கார்டிலிருந்து கை எவ்வளவு தாவுகிறது என்று பார்ப்பேன். கிடாரில் பாரே கார்டுகள் இதில் நம்மைக் கெடுக்கும். ஒரே வடிவத்தை ஃப்ரெட்டில் மேலும் கீழும் இழுத்துக்கொண்டு போவதால் எல்லா ஸ்வரமும் ஒரே திசையில் குதிக்கும், நகர்வின் நுட்பம் செத்துப்போகும். பக்கத்திலேயே கிடைக்கும் சின்ன வடிவத்தைத் தேடுங்கள், மூன்று கம்பி போதும். அதன் பிறகு நேரம். அரை அளவையில் வந்து ஓடிவிடும் கார்டு பிழையாகத்தான் கேட்கும். அதையே முழு அளவை நிறுத்தி, தாளத்தின் வலுவான அடியில் வைத்துப் பாருங்கள், வேண்டுமென்றே வைத்தது என்று காது ஏற்றுக்கொள்ளும். கடைசியாக, திரும்பி வரும் வழி. எஃப் மைனருக்குப் பிறகு இன்னொரு வெளிக் கார்டு, அதன் பிறகு இன்னொன்று என்று போனால் ஷட்ஜமே மறந்துவிடும். ஒன்று போட்டால் அடுத்து வீட்டுக்கு வாருங்கள்.

எந்த வரியில் ஏக்கம் வரவில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. அந்த வரியின் கடைசி ஸ்வரத்தைக் கண்டுபிடியுங்கள். அதைக் குரலில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அந்த ஸ்வரம் இருக்கிற கார்டுகளை ஒவ்வொன்றாக அதன் கீழே வாசித்து ஃபோனில் பதிவு செய்யுங்கள். அது கார்டின் வேராக இருக்கலாம், மூன்றாவதாக, ஐந்தாவதாக, ஏழாவதாக, ஒன்பதாவதாக இருக்கலாம். மேஜர், மைனர் இரண்டிலும் பாருங்கள். ஏழெட்டாவது கிடைக்கும். பாட்டின் முதல் வரியிலிருந்து அந்த இடம் வரை முழுதாகப் பாடித்தான் ஒவ்வொன்றையும் பதிய வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. பிறகு இரண்டு நாள் அதைத் தொடாதீர்கள். மூன்றாம் நாள் காலையில் கிடாரைத் தொடுமுன் எல்லாவற்றையும் கேளுங்கள். எதைக் கேட்கும்போது கை அறியாமல் ஃபோனை நிறுத்தி அந்த இடத்துக்குப் பின்னால் போகிறதோ, அந்தக் கார்டை வைத்துக்கொள்ளுங்கள்.